ஊசி போட்ட மறுநாள் ஐ.சி.யூ. காலியாகாமலிருக்க

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்சிங் சூப்பிரண்டா இருக்கேனுங்க. கோவிஷீல்டு முதல் டோஸை ஒரே நாள்ல எல்லா சிஸ்டருக்கும் போட்டு, மறுநாள் ஐ.சி.யூ.வுக்கு ஆள் இல்லாம திண்டாடிட்டோம். இப்ப ஃப்ளூ, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போடணும். ரோஸ்டரை எப்படிப் போடறதுங்க?

பதில்: லீவு கேட்டவர்கள் மேல் தப்பில்லைங்க. கோவிஷீல்டில் முதல் டோஸுக்குத்தான் காய்ச்சலும் உடம்புவலியும் அதிகம். ஒரே நாளில் போட்டதுதான் சிக்கல்.

ஃப்ளூ ஊசிக்குப் பெரும்பாலும் கைவலியோடு சரி. சிலருக்குக் காய்ச்சல் அடித்தாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். அதனால் வீக் ஆஃபுக்கு முந்தின நாள், டூட்டி முடிந்ததும் போடுங்கள். நைட் பார்ப்பவர்களுக்குக் கடைசி நைட் முடிந்த காலையில். ஐ.சி.யூ.வில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம். அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகே சத்தியமங்கலம், அந்தியூர் பஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

எம்.எம்.ஆர். கணக்கு வேறு. அது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசி. காய்ச்சல் வந்தால் 7 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். அந்த வாரத்தில் மாற்று ஆளைக் குறித்து வையுங்கள். கர்ப்பிணிகளுக்குப் போடவே கூடாது.

அதிகம் கவனிக்காமல் விடுவது ஊசி இறங்கும் இடம். யூனிஃபார்ம் கழுத்தை இழுத்துவிட்டுப் போட்டாலும், உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு போட்டாலும் ஊசி மேலே ஏறிவிடும். மருந்து தோள்மூட்டை ஒட்டிய பைக்குள் போனால் மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. அந்தக் கையோடு சிஸ்டர் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி? கைச்சட்டையை முழுக்கச் சுருட்டி, இருவரும் உட்கார்ந்து, தோள் எலும்பு நுனிக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நேர்செங்குத்தாகப் போடுங்கள். புழங்காத கையில்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில்.

இருமல், மூக்கொழுகல் ஃப்ளூ ஊசியால் வருவதல்ல. மாஸ்க் போடச் சொல்லிப் பரிசோதியுங்கள். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால், அதுவும் ஐப்பசி மழையில், டெங்கு பாருங்கள். அதுவரை புரூஃபன் வலி மாத்திரை கூடாது. இந்த லீவுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பிடித்தால் மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வார்டுக்கு வருவார்கள், பாவம் நோயாளிகள்.

ரோஸ்டர் நோட்டில் பெயருக்கு நேரே ஊசி, தேதி, எந்தக் கை, பேட்ச் எண் எழுதுங்கள். ராத்திரி காய்ச்சலென்று போன் வந்தால் டூட்டி டாக்டருக்கு அதுதான் முதலில் வேண்டும்.