டைட்டானிக் தாம்சன் எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தது எப்படி?

அதிர்ஷ்டம் இல்லை. பந்தயம் கட்டுவதற்கு முன்பே முடிவைத் தயார் செய்துவிடுவார், அவ்வளவுதான்.

இயற்பெயர் ஆல்வின் தாமஸ், அமெரிக்கர். சீட்டு, பகடை, கோல்ஃப் என்று எதிலும் காசு பார்த்தவர். அவரைப் பற்றிய கதைகளில் மிகை உண்டு, ஆனால் வித்தை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஒரு கதை: சாலையோர மைல் பலகையை முந்தின நாளே பிடுங்கி, வேறு இடத்தில் நட்டுவிடுவார். மறுநாள் நண்பர்களோடு காரில் வரும்போது, "பலகை தப்பு, ஊர் இவ்வளவு தூரம் இல்லையே" என்று சாவகாசமாக ஆரம்பிப்பார். யார்தான் விடுவார்கள்? இன்னொன்று, கோல்ஃப் பந்தை 500 கெஜம் அடிப்பதாகச் சவால். பணத்தைக் கட்டியவர்களைக் குளிர்காலத்தில் உறைந்த ஏரிக்கு அழைத்துப் போனாராம். பந்து பனியில் வழுக்கிக்கொண்டே போனது.

எனக்குப் பிடித்தது வேறு. இயல்பில் இடக்கைக்காரர். கோல்ஃபில் முதலில் வலக்கையால் ஆடி மயிரிழையில் ஜெயிப்பார். அப்புறம், "சரி, இடக்கையால் ஆடுகிறேன், பந்தயம் இரட்டிப்பு" என்பார். தோற்றவன் துள்ளிக் குதித்து ஒத்துக்கொள்வான்.

1928 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த சீட்டாட்டத்தில் இவரும் இருந்தார். அதில் நியூயார்க்கின் பிரபல சூதாட்டப் புள்ளி ஆர்னால்ட் ராத்ஸ்டீன் சுமார் மூன்று லட்சம் டாலர் தோற்று, ஏமாற்று ஆட்டம் என்று பணம் தர மறுத்தார். நவம்பர் 4 அன்று ஓட்டலில் சுடப்பட்டார், இரண்டே நாளில் இறந்தார். 1929-இல் நடந்த அந்தக் கொலை வழக்கில் தாம்சன் சாட்சி சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் மெக்மானஸ் விடுதலையானார்.