அம்மாவின் சர்வீஸ் காசில் பழைய ஏடிவி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது, கந்தப்பளையில் இருக்கிறேன். அம்மா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 11 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. நீர்கொழும்பில் ஒருவர் 250 சிசி ஏடிவி (மணலிலும் மேட்டிலும் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் சைக்கிள்) ஒன்றை எட்டரை லட்சத்துக்குத் தருகிறார். கடற்கரையில் வாடகைக்கு ஓடிய வண்டி. பதிவுப் புத்தகம் இல்லை, சுங்கப் பத்திரம் இருக்கிறதாம். நுவரெலியாவில் தெரிந்தவர் காணியில் ஓடவிட்டால் ஒரு ரைட் 2,500 ரூபா. நாளுக்கு ஆறு ரைட் ஓடினாலே மாதம் நாலரை லட்சம் வரும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஏடிவி தொழிலே கூடாது என்று சொல்லவில்லை. இந்த வண்டி, இந்த விலைக்கு, அம்மாவின் காசில் வேண்டாம்.

உங்கள் நாலரை லட்சத்தை முதலில் பார்ப்போம். அதற்கு முப்பது நாளும் வெயில் அடிக்க வேண்டும், முப்பது நாளும் ஆள் வர வேண்டும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன், டிசம்பர் விடுமுறை, போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி இவைதான் கூட்டம். ஜூன், ஜூலையில் வந்தவர்களும் மழைக்குப் பயந்து அறையில் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். நான் கணக்குப் போட்டால் மாதத்தில் எட்டு நல்ல நாள், நாளுக்கு நாலு ரைட். இன்னொரு பன்னிரண்டு நாளில் ஒன்றொன்று. ஆக 44 ரைட், 1,10,000 ரூபா. காணிக்காரருக்கு 30 சதவீதம் கொடுத்தால் 33,000 போய்விடும். பெட்ரோலுக்கு 15,000, ரிப்பேருக்கு என்று தொடாமல் ஒதுக்க 20,000. மிச்சம் 42,000. அதற்குள்தான் உங்கள் சம்பளமும். ஒரு சதம் வீட்டுக்கு எடுக்காமல் இருந்தாலும் போட்ட முதல் திரும்ப இருபது மாதம் ஆகும். நடுவில் ஒன்றும் கெடாமல் இருந்தால்! 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பெட்ரோல் வரிசை என்று சுற்றுலா எத்தனை முறை படுத்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி வண்டி. கடற்கரையில் ஓடியது என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். உப்புக்காற்று வெளியே செசியைத் தின்றால் கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடித்து மறைத்தும் விடுவார்கள். வீல் பேரிங், பிரேக் கேபிள், வயர் முனை எல்லாவற்றையும் உள்ளே தின்றிருந்தால் வாங்கிய பிறகுதான் தெரியும். மணல் அதைவிட மோசம். எயார் ஃபில்டரை ஒழுங்காகக் கழுவாமல் ஓட்டியிருந்தால் நுண்மணல் எஞ்சினுக்குள் போய் சிலிண்டரையும் ரிங்கையும் அரம் மாதிரி ராவியிருக்கும். அந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கும், நீலப் புகை விடும். என் மச்சான் ஒருவர் இப்படி ஒரு கடற்கரை வண்டியைக் கொண்டுவந்தார். நாலு வீல் பேரிங்கும் மாற்றிய கையோடு பின் ஆக்சிலும் போனது. வாங்கிய விலையில் கால்வாசி மூன்று மாதத்துக்குள் கராஜுக்குப் போய்விட்டது. இப்போதும் அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

அப்புறம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர். கீழே டியூன் செய்த காபரேட்டர் இங்கே வந்ததும் காற்று போதாமல் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சின்னதாக மாற்றினால் அது சரி, பெரிய செலவில்லை. ஆனால் எஞ்சினின் இழுவையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த உயரத்தில் குறையும். அதற்கு எந்த மெக்கானிக்கிடமும் மருந்து கிடையாது. இழுவை குறைந்த வண்டியில் தடித்த ஆள் ஒருவரை ஏற்றிக்கொண்டு, லோ கியர் போடாமல் மேட்டில் ஏறினால், எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் வழுக்கி எரியும். ரப்பர் கருகிய வாசனை வரும், வண்டி உதறி உதறி நகரும். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் கியர் பார்த்தா ஓட்டுவார்கள்? சமதரை மணலில் பழகிய பெல்ட் நம் மேட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள்.

உதிரிப்பாகத்தையும் யோசியுங்கள். 110, 125 சிசி சீன வண்டிகளில் பலவற்றின் எஞ்சின் பழைய ஹொண்டா கப் எஞ்சினின் சாயல்தான். மோட்டார் சைக்கிள் மெக்கானிக் யாரும் கைவைப்பார். பெயர் தெரியாத 250 சிசிக்கு ஒரு பெல்ட் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால், அந்த வாரம் முழுக்க வருமானம் பூச்சியம்.

புத்தகம் இல்லை என்பதை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். பதிவு, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் இல்லாமல் வீதியில் ஏற முடியாது. கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கே லொறியில்தான் ஏற்ற வேண்டும். லீசிங்கும் கிடையாது. நாளை நீங்கள் விற்கப் போனால் வாங்குபவருக்கும் லீசிங் கிடைக்காது, முழுக்காசு வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அடித்துத்தான் கேட்பார். ரைடில் யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால் வைத்தியச் செலவு யார் தலையில் என்பதையும் காணிக்காரரோடு எழுத்தில் பேசியிருக்கிறீர்களா? விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் ரூபா விழுந்தது, பழையது எல்லாம் பொன் விலை ஆனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கிவிட்டது. விற்பவர் இன்னும் பஞ்ச காலத்து விலையையே சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

நாட்கூலிக்காரருக்குப் பணிக்கொடை எப்படித் தெரியுமா? ஒரு வருட வேலைக்குப் 14 நாள் சம்பளம். அம்மா கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய ஒவ்வொரு வருடமும் 14 நாளாகச் சேர்ந்த காசு அது. 7 லட்சத்தை அம்மாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள், அவர் கையெழுத்து இல்லாமல் அசையக் கூடாது. மிச்சம் 4 லட்சம்தான் தொழிலுக்கு. அதிலும் ஒரு லட்சம் ரிப்பேருக்கு. ஆக மூன்று லட்சத்துக்குள் ஒரு சின்ன வண்டி, அல்லது கூட்டாளியோடு பாதிப் பங்கு. அதற்கு முன் வருகிற ஏப்ரலில் ஏற்கெனவே ஏடிவி ஓட்டுகிற ஒருவரிடம் சம்பளத்துக்கு நில்லுங்கள். எத்தனை ரைட் ஓடுகிறது, எத்தனை நாள் வண்டி கராஜில் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என் 44 தப்பு என்று அந்தக் கொப்பி சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் ஐயாயிரம் கொடுத்து உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு அது ஆறும்வரை இருங்கள். ஆக்சில் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, திருப்பும்போது டக் டக் என்கிறதா, வெல்டிங் பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒயில் குச்சியை இழுங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. விலையைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிடுங்கள்.