மாலையில் எழும் இனிப்பு ஆசை

வணக்கம். மூன்று வேளையும் உணவுக்குப் பதிலாக ஷேக் (புரதமும் சத்துகளும் கலந்த பானம்) மட்டும் அருந்தும் நீங்கள், எடை விரைவில் குறையட்டும் என்று மதிய ஷேக்கை விட்டுவிடுவதாகவும், மாலையானால் இனிப்பின் மீது அடக்க முடியாத ஆசை எழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்த மதிய வேளையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். இத்தகைய ஷேக் உணவுத் திட்டங்களில் நாளொன்றுக்கு 800 கலோரி அளவே தருபவையும் உள்ள நிலையில், ஒரு வேளையைக் கைவிட்டால் பசியைத் தணிக்கும் புரதமும் அதனுடன் போய்விடும். தயவுசெய்து அதை மீண்டும் தொடங்குங்கள். திரவ உணவு வயிற்றில் அதிக நேரம் தங்காது என்பதால், ஐஸ் சேர்த்துக் கெட்டியாக அடித்து, கரண்டியால் நிதானமாகச் சாப்பிடுங்கள். ஆசை எழும்போது பதினைந்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் அது பெரும்பாலும் தணியும். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்து, ஆசையோடு நடுக்கமும் வியர்வையும் வந்தால், அது ரத்தச் சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்; உடனே சோதித்து, குறைந்திருந்தால் சர்க்கரை சாப்பிட்டுவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.