ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு யாழ்ப்பாணம் போகலாமா? – மாணவர் கேள்வி பதில்

கேள்வி: ஓ.எல்.லில் (11ஆம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சையில்) கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்திருக்கிறேன். கணிதப் பிரிவு படிக்கத்தான் விருப்பம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு (12, 13ஆம் வகுப்புக்கு) கலையும் வர்த்தகமும் மட்டும்தான். "இங்கேயே கலை படி, கண்ணுக்கு முன்னால் இருப்பாய்" என்கிறா அம்மா. யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாமா அங்கே வரச் சொல்கிறார், ரியூசனும் எடுக்கலாமாம். என்ன செய்வது?
– மாணவி, துணுக்காய்ப் பக்கம்

பதில்: தங்கச்சி, கலைப் பிரிவை விரும்பி எடுக்கிற பிள்ளை அதில் நன்றாக வரும். நீ விரும்பவில்லையே. கிட்ட இருக்கிறது என்பதற்காக மட்டும் அதில் போய் இருக்காதே.

உங்கள் பள்ளிக்கூடம் 1சி தரம், அதாவது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது என்று நினைக்கிறேன். விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபி பள்ளிக்கூடங்களில்தான் நடக்கும். அதற்காக உடனே யாழ்ப்பாண பஸ் ஏற வேண்டியதில்லை. துணுக்காய் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், கணிதப் பிரிவு நடக்கிற பள்ளிக்கூடங்கள் வலயத்துக்குள் எவை, உங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடியது எது என்று கேள். அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே நேரில் போ. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, அவர்களில் யாருக்காவது இந்த வருடம் இடமாற்றம் வருமா என்று அதிபரிடம் கேட்கத் தயங்காதே. கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் பாடத்திட்டம் பாதியில் நிற்க ஆசிரியர் மாறிப் போவதுதான் வன்னியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு விழுகிற பெரிய அடி, அதை நான் பல வகுப்புகளில் பார்த்துவிட்டேன். ஆய்வுகூடத்தையும் ஒருக்கால் திறந்து காட்டச் சொல். திரவத்தை அளந்து விடுகிற அளவியும் (பியூரெட்) குழாயியும் (பிப்பெட்) அலுமாரிக்குள் பெட்டி உடைக்காமல் இருக்கிறதா, பிள்ளைகள் கை பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே அங்கே எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று விளங்கிவிடும். அமிலத்தையும் காரத்தையும் அளந்து சேர்க்கிற நியமிப்புப் பரிசோதனையைக் கொப்பியில் மட்டும் எழுதிய பிள்ளைக்கு அது வெறும் கணக்கு. பினோப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட அமிலத்துக்குள் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித் துளியாக விட்டு, கடைசி ஒரு துளியில் குடுவை முழுக்க மெல்லிய இளஞ்சிவப்பாவதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு இரசாயனவியல் பிறகு பயமே தராது.

இனி யாழ்ப்பாணக் கதை. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய 3 வருடங்களில் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்பதை வைத்துத்தான் உன் மாவட்டத்தைத் தீர்மானிப்பார்கள். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைக்கிற ஆகக் குறைந்த புள்ளி) பொதுவாக உங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தைவிட நல்லாக் கூட. அங்கே போனால் நீ போட்டி போட வேண்டியது அந்தப் புள்ளியோடு. மாமா அன்பில்தான் கூப்பிடுகிறார், ஆனால் இதையும் அவருக்குச் சொல்லுங்கள். வலயத்துக்குள் ஓரளவு ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடம் கிடைத்தால் அங்கேயே சேர். உயர்தரப் பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை நடத்துகிற தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை வகுப்பில் எல்லாருமாகச் செய்யுங்கள், விடுமுறையில் மாமா வீட்டில் நின்று ரியூசன் எடு. ஒரு பாடத்துக்கும் ஆசிரியர் இல்லாத நிலை என்றால் மட்டும் கிளிநொச்சி, வவுனியா, அதற்குப் பிறகு யாழ்ப்பாணம்.

கேள்வி: இந்த வருடம் ஓ.எல். கணிதம் வராது. படிப்பிக்கிற சேர் வேகமாகப் போகிறார், கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். புதுக்குடியிருப்பில் ரியூசனுக்குப் போக வீட்டில் காசில்லை.
– மாணவன், விசுவமடு

பதில்: தம்பி, சித்தியடைய நூற்றுக்கு 35 புள்ளி போதும், அதை மனதில் வை. முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இரண்டு வினாத்தாளும் சேர்ந்த 200இல் காற்பங்கு அதற்குள்ளேயே கிடக்கிறது. ரியூசன் இல்லாமல் செய்யக்கூடிய பகுதி அது. கடந்தகால வினாத்தாளில் அந்த 25ஐ மட்டும் தினமும் செய், பிழைத்த கணக்குகளை வேறொரு கொப்பியில் எழுதிவைக்காமல் விடாதே. வகுப்பில் கேட்க வெட்கமென்றால் இடைவேளையில் அந்தக் கொப்பியோடு சேரிடம் தனியே போ. பிழைத்த கணக்கோடு வருகிற பிள்ளையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பமாட்டார். சிரிக்கிறவர்களில் பாதிப்பேருக்கும் அந்தக் கணக்கு தெரியாது, அதையும் நம்பு.

கேள்வி: மகன் 11ஆம் வகுப்பு. இரவில் தகப்பனோடு வயலில் யானைக் காவலுக்குப் போகிறான், வகுப்பில் நித்திரை கொள்கிறானாம். வகுப்பு ரீச்சர் கூப்பிட்டு ஏசினா. வயலையும் விட ஏலாது.
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, கதிர் முற்றிய காலபோக (மாரிப் பயிர்) வயலை ஓரிரவு விட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் பரீட்சை வருடத்தில் அந்தப் பிள்ளை கொட்டிலில் படுக்கக் கூடாது. பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக் காவல் போட முடியுமா என்று தகப்பனாரைக் கமக்கார அமைப்பு (விவசாயிகள் சங்கம்) கூட்டத்தில் கதைக்கச் சொல்லுங்கள். ரீச்சருக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள், அவவுக்குக் காரணம் தெரியாமல்தான் ஏசியிருப்பா. இப்போதைக்குப் பள்ளிக்கூடம் மறிக்காமல் அனுப்புங்கள். உயர்தரத்துக்குப் போனால் 80 வீத வரவு கேட்பார்கள், அந்தப் பழக்கம் இப்போதே வேண்டும்.

கேள்வி: தொழில்நுட்பப் பிரிவு எடுத்தால் மதிப்பில்லையா?
– மாணவன், பரந்தன்

பதில்: யார் சொன்னது? 2013இல்தான் தொடங்கியது என்பதால் பெரியவர்களுக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அதைப் படித்துப் பல்கலைக்கழகம் போகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் உங்கள் ஊருக்குக் கிட்ட அறிவியல் நகரில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் அதே அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ஒருநாள் நேரில் போய், என்னென்ன பாடநெறி நடக்கிறது என்று கேட்டுவிட்டு வா.