வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள்

கேள்வி: நான் வலையில் பதிவிடும் ஓவியங்களின் கீழ் ஒருவர் ஓயாமல் இழிவாக எழுதுகிறார். "மனம் நோகிறது, நிறுத்துங்கள்" என்று கெஞ்சியும் பார்த்தேன். தொல்லை கூடியதுதான் மிச்சம். அடுத்தவர் வலி இவர்களுக்குப் புரியவே புரியாதா?

பதில்: புரிகிறது. சிக்கலே அதுதான். அடுத்தவர் என்ன உணர்கிறார் என்று கணிப்பது ஒரு திறன். அதைத் தானும் உணர்ந்து இளகுவது வேறு. ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஆய்வில், இளகும் மனம் குறைந்தவர்களிடம் ட்ரோலிங், அதாவது வேண்டுமென்றே இணையத்தில் பிறரைச் சீண்டி வம்பிழுப்பது, கூடுதலாக இருந்தது. இரக்கமும் குற்ற உணர்வும் குறைந்த சைக்கோபதிப் பண்பு மிகுந்தவர்களிடமோ, கணிக்கும் திறன் கூடினால் ட்ரோலிங்கும் கூடியது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று தேடவே அந்தத் திறன் பயன்படுகிறது போலும்.

"விளம்பரம் தேடுகிறான்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 2014இல் வெளியான ஆய்வில் கனடா உளவியலாளர்கள் தற்காதல், சூழ்ச்சிக்குணம், சைக்கோபதி, சாடிசம் ஆகிய நான்கையும் அளந்தபோது, ட்ரோலிங்கோடு மிக நெருக்கமாக நின்றது சாடிசம்தான். பிறர் துன்பத்தில் இன்பம் காணும் குணம் அது. தற்காதலுக்குப் பெரிய பங்கு தென்படவில்லை. ஆக, நீங்கள் கெஞ்சி எழுதிய வரிதான் அவர் எதிர்பார்த்த பரிசு. உங்கள் மீது தவறில்லை. நல்ல மனம் படைத்தவரிடம் அந்த வரி பலித்திருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை கேள்வித்தாளில் அளந்த பண்புகள். இவற்றை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டக் கூடாது. கடுமையாக விமர்சிப்பவரும் ட்ரோல் அல்லர். அவர் ஓவியத்தின் கோடுகளையும் வண்ணத்தையும் பற்றிப் பேசுவார். விளக்கம் தந்தால் அதற்குப் பதில் சொல்வார். வம்பிழுப்பவரோ விளக்கத்தை விட்டுவிட்டு உங்கள் முகம், குடும்பம் என்று தாவுவார்.

கேள்வி: என் தம்பி நேரில் பரம சாது. கமெண்ட் எழுத உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுகிறான். அவனும் கொடூரனா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் 667 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. எளிய புதிர் தந்து மனநிலை கெடாமல் பார்த்துக்கொண்டு, நல்ல கமெண்டுகளின் கீழ் எழுதச் சொன்னபோது 35 சதவீதப் பதிவுகள் ட்ரோல் வகையில் அமைந்தன. கடினமான புதிரால் எரிச்சலூட்டி, வசவுகளின் கீழ் எழுதச் சொன்னபோது அது 68 சதவீதமானது. போதாக்குறைக்கு, திரையில் எதிராளியின் கண்கள் தெரிவதில்லை. அவர் முகம் வாடுவதைப் பார்த்தால் நேரில் நா தானாக அடங்கும். இங்கே அந்தக் கடிவாளம் இல்லை. எரிச்சலோடு இருக்கும்போது எழுதியதை அனுப்பாமல் வைத்து, மறுநாள் காலை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கண்டுகொள்ளாமல் விட்டால் போதுமா?

பதில்: அரைகுறையாகச் செய்தால் போதாது. பத்து முறை பொறுத்துவிட்டு பதினோராவது முறை வெடித்தால், விடாமல் சீண்டினால் பலன் உண்டு என்று அவர் கற்றுக்கொள்வார். நண்பர்கள் புகுந்து சண்டையிட்டாலும் அதே கதை. அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவின் இணைப்பையும் சேமியுங்கள். அடுத்து புகார், கடைசியில் பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் சில தளங்களில் அந்தப் பதிவுகள் உங்கள் கண்ணுக்கே மறைந்து, ஆதாரம் திரட்டுவது கடினமாகும். பொய்த் தகவல் பரப்பினால் மட்டும் மற்ற வாசகர்களுக்காக ஒரே ஒரு திருத்தம் எழுதுங்கள், அவர் பெயரைச் சொல்லாமல். கொலை மிரட்டலோ, உங்கள் வீட்டு முகவரியோ பதிவில் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். சேமித்தவற்றோடு அன்றே காவல்துறையிடம் செல்லுங்கள்.