வாங்காதீர்கள், வெட்டுங்கள்

கேள்வி: பிளாஸ்டிக் பையை அடியோடு விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். நல்ல துணிப்பையாக நாலைந்து வாங்கலாமென்று இருக்கிறேன். எந்தத் துணி நல்லது? 'மக்கும் பை' என்று விற்கிறார்களே, அதையும் வாங்கலாமா?

பதில்: வாங்குவதிலேயே இருக்கிறீர்கள். ஒன்றும் வாங்க வேண்டாம்.

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் ஒரு கணக்குப் போட்டது. புதுப் பருத்திப்பை பருவநிலை விஷயத்தில் சாதாரண பிளாஸ்டிக் பையை முந்த, அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். எல்லா வகைப் பாதிப்பையும் பார்த்தால் 7,100 முறை. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு 'பிளாஸ்டிக்கே மேல்' என்று கிளம்புகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு. சாக்கடையை அடைக்கும், கடலில் சேரும் குப்பை அந்தக் கணக்கில் வரவேயில்லை. தவிர, அது புதுத் துணிக்கான கணக்கு. பருத்தியை விளைவித்து நெய்ததுதான் பெரும் செலவு. பழந்துணியில் அது எப்போதோ முடிந்துவிட்டது.

பழைய ஜீன்ஸ் இருக்கிறதா? காலின் கீழ்மடிப்பிலிருந்து 40 செ.மீ. அளந்து வெட்டுங்கள். முழங்கால்வரை போகாதீர்கள், அங்கே துணி நைந்திருக்கும். கீழ்மடிப்புதான் பையின் வாய். ஏற்கெனவே மடித்துத் தைத்திருப்பதால் நூல் பிரியாது. உள்புறம் வெளியே வரத் திருப்பி, வெட்டிய பக்கத்தில் ஓரத்திலிருந்து 1 செ.மீ. விட்டு இரண்டு வரித் தையல். அடிமூலைகளை முக்கோணமாக மடித்துக் குறுக்கே தைத்தால் பை தரையில் நிற்கும். மற்ற காலில் நீளவாக்கில் 8 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை. நான்காக மடித்துத் தைத்தால் கைப்பிடி. மிஷினில் 16-ஆம் எண் ஊசி போடுங்கள், மெல்லியது முறியும்.

பை அறுவது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். வாயோரம் ஒரே கோடாகத் தைத்தால் மொத்த எடையும் அந்த ஒரு வரிசை ஊசித்துளைகளில் இறங்கி, துணி அதே கோட்டில் கிழியும். கைப்பிடி முனையை 4 செ.மீ. உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் போடுங்கள்.

மக்கும் பையா? சான்றிதழுக்கான சோதனையில் அது மக்குவது ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸில். அதற்கும் ஆறு மாதம்வரை அவகாசம். அந்தச் சூடு மாதக்கணக்கில் நீடிப்பது பெரிய உரக்கூடங்களில்தான். உங்கள் தோட்டத்துக் குழி அவ்வளவு சுடாது.

'அடியோடு' என்றீர்களே, அதற்காக வீட்டில் சேர்ந்திருக்கும் பிளாஸ்டிக் பைகளை இன்றே எறிந்துவிடாதீர்கள். 1965-ல் அந்தப் பைக்குக் காப்புரிமை பெற்ற ஸ்வீடன் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின், ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். கிழியும்வரை பயன்படுத்துங்கள்; கிழிந்ததைக் குப்பைத்தொட்டிக்குள் விரியுங்கள்.