14 வயதில் அடித்த பந்து தூரம் போகாதது ஏன்?

கனமான மட்டை வாங்கலாமா என்று கேட்டீர்கள்; இப்போது வேண்டாம். உங்கள் மகன் பேஸ்பால் பந்தைச் சரியாகத் தொட்டும் அது உள்களத்தை (நான்கு தளங்களைச் சுற்றிய உட்பகுதியை) தாண்டவில்லை என்கிறீர்கள். உயரம் முந்திக்கொண்டு தசை பின்தங்கும் 14 வயதில் அது இயல்பானதே.

இருந்தாலும், இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டும் மட்டையை வீசுகிறானோ என்று ஐயப்படுகிறேன். உங்கள் பொள்ளாச்சிச் செம்மண்ணிலேயே அதைப் பார்த்துவிடலாம்: பத்துப் பந்து அடித்தபின், பின்னங்கால் நின்ற இடத்தில் முன்பாதம் திருகிய குழி இருக்க வேண்டும்; காலணியின் அச்சு முழுதாக அப்படியே பதிந்திருந்தால் இடுப்பு வேலை செய்யவில்லை. அப்படியானால் பந்தைத் தாங்கியில் வைத்து, இலகுவான மட்டையால் வேகமாக வீசப் பழக்குங்கள்.

அவசரம் வேண்டாம். ஓர் ஆட்டப் பருவத்தில் 16 ஹோம் ரன்னை (பொதுவாகப் பந்து எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடி) தாண்டாதிருந்த மேஜர் லீக் பேஸ்பால் வீரர் ஹோசே பவுடிஸ்டா, வீச்சைச் சற்று முன்னதாகவே தொடங்கப் பழகியபின், 2010இல் தம் 29ஆம் வயதில் 54 அடித்தார்.

கீழ்முதுகு வலித்தால் மட்டும் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் அங்கே எலும்பில் கீறல் விழுவதுண்டு.